ஊர் மொத்தமா கரண்ட் போச்சா? வரிசையா என்னென்ன பண்ணணும்னு ஒரு முழு வழிகாட்டி

அரை மணி நேர பவர் கட்டுக்கு வழிகாட்டி எல்லாம் தேவையில்ல, டார்ச் தேடி எடுக்கிறதுக்குள்ள கரண்ட் வந்துடும். இது ஏரியா மொத்தமா இருண்டு போய், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாத நேரத்துக்கு எழுதினது. இந்த மாதிரி நேரத்துல முதல் தடவை மாட்டுறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்துலதான் தடுமாறுறாங்க, முதல்ல வெளிச்சத்துக்கும் போனுக்கும் ஓடுறாங்க, தண்ணி ஞாபகம் வரும்போது குழாயில வெறும் காத்துதான் வருது. அதனால கீழ இருக்கிற வரிசைய மாத்தாதீங்க. கரண்ட் இல்லாம எது முதல்ல தீருமோ அது முதல்ல, அவ்ளோதான் கணக்கு.

1. கரண்ட் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியது

ஒரு பை, எல்லாம் அதுக்குள்ள. இருட்டுல தடவிப் போனாலும் கைக்குக் கிடைக்கிற இடத்துல வைங்க. பரண்ல வச்சுட்டு அப்புறம் இருட்டுல ஏணி தேடுறது பெரிய கொடுமை.

பையில இருக்க வேண்டியது: எல்.ஈ.டி டார்ச் (தலையில மாட்டுற ஹெட்லேம்ப் கிடைச்சா ரொம்ப நல்லது, ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்), அதுக்கு தனியா பேட்டரி, பவர் பேங்க், சார்ஜிங் கேபிள், பேட்டரில ஓடுற சின்ன ரேடியோ, தீப்பெட்டி, சில்லறையா கொஞ்சம் பணம், முக்கியமான போன் நம்பர் எழுதின ஒரு பேப்பர். தீப்பெட்டி எதுக்குன்னு கேப்பீங்க, சில கேஸ் அடுப்புல பத்த வைக்கிற பட்டனே கரண்ட்லதான் வேலை செய்யும், லைட்டர் எங்கயோ இருக்கும். பணம் எதுக்குன்னா நெட்வொர்க் படுத்துட்டா போன்ல பணம் அனுப்புறதும் கார்டு தேய்க்கிறதும் எதுவும் நடக்காது, பெரிய நோட்டு நீட்டினா கடையில மீதி இருக்காது.

டார்ச்சுக்குள்ள பேட்டரிய போட்டு மாசக்கணக்கா விடாதீங்க, கசிஞ்சு உள்ள இருக்கிற கம்பிச்சுருள் எல்லாம் பச்சையா பூத்துப் போயிடும். பவர் பேங்க் சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்தி வைங்க.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, மூணு நாளைக்கு கணக்கு போட்டு வைங்க. வண்டியில பாதி டேங்குக்கு கீழ இறங்க விடாதீங்க, பெட்ரோல் பங்க்ல இருக்கிற பம்பும் கரண்ட்லதான் ஓடுது.

ஃப்ரீசர்ல காலி இடம் இருந்தா பாட்டில்ல தண்ணி ஊத்தி அடுக்கி விடுங்க, மேல கொஞ்சம் காலி விட்டு ஊத்துங்க இல்லன்னா உறையும்போது வெடிக்கும். நிறைஞ்ச ஃப்ரீசர் காலி ஃப்ரீசர விட ரொம்ப நேரம் குளிர்ச்சிய பிடிச்சு வச்சிருக்கும், உருகினா குடிக்கவும் ஆச்சு.

2. நம்ம வீடா, ஊரா?

முதல்ல ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. பக்கத்துல எல்லாம் எரியுதுன்னா பிரச்சனை உங்க வீட்டுல. மெயின் பெட்டியில தானா கட் ஆகுற சுவிட்ச்சுங்க (எம்.சி.பி, ஆர்.சி.சி.பி) எது கீழ விழுந்திருக்குன்னு பாத்து ஒரு தடவை மட்டும் ஏத்துங்க. மறுபடி விழுந்தா விட்டுடுங்க, எலக்ட்ரீஷியன கூப்பிடணும். அது விழுறதே எங்கயோ கோளாறுன்னு சொல்றதுக்குத்தான், பிடிச்சு பிடிச்சு ஏத்துறது தப்பு.

கரண்ட் முழுசா போகாம, திடீர்னு ஒரு பல்பு கண்ணு கூசுற மாதிரி எரியுது, இன்னொன்னு மங்கி அழுவுது, ஃபேன் பறக்குது, அப்படின்னா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) கட் ஆகியிருக்கலாம். யோசிக்கவே வேணாம், நேரா போய் மெயின ஆஃப் பண்ணுங்க. 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏற வாய்ப்பு இருக்கு, டிவி ஃப்ரிட்ஜ் எல்லாம் சில நொடியில போயிடும்.

ஊரே இருட்டுன்னா அடுத்த படிக்கு போங்க.

3. ஒரு லைட்ட விட்டுட்டு மத்ததெல்லாம் ஆஃப்

இத நிறைய பேர் பண்றதில்ல. அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர், ஏசி, மோட்டார், வாஷிங் மெஷின், டிவி, எல்லாத்தையும் சுவிட்ச்ல ஆஃப் பண்ணி முடிஞ்சா பிளக்கையும் பிடுங்கிடுங்க. ஒரே ஒரு லைட் மட்டும் ஆன்ல இருக்கட்டும், கரண்ட் வந்தது தெரியறதுக்கு.

காரணம் மூணு. ஒண்ணு, அயர்ன் பாக்ஸ துணி மேல வச்சபடி கரண்ட் போச்சு, நீங்களும் மறந்துட்டு வெளிய போயிட்டீங்க, ராத்திரி கரண்ட் வந்தா வீட்டுல ஆள் இல்லாத நேரத்துல அது சூடாகும். ரெண்டு, வரும்போது வோல்டேஜ் நிலையா வராது, ஏறி இறங்கித்தான் வரும். மூணாவது ஊர் சம்பந்தப்பட்டது, எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆனா லைன் தாங்காம மறுபடி தானா கட் ஆகும், வந்த கரண்ட் அஞ்சு நிமிஷத்துல போறது பல நேரம் இதனாலதான்.

கூடவே குழாய் எல்லாத்தையும் மூடிட்டீங்களான்னு பாருங்க. தண்ணி வருதான்னு திறந்து பாத்துட்டு அப்படியே விட்டுட்டு போறவங்க நிறைய, அப்புறம் மோட்டார் ஓடி தண்ணி ஏறினதும் வீடு குளம்.

4. தண்ணி: முதல் அரை மணி நேரத்துல முடிக்க வேண்டிய வேலை

கரண்ட் போனா தண்ணி உடனே நிக்காது, அதுதான் ஏமாத்துறது. மேல டேங்க்ல இருக்கிற வரைக்கும் வரும். அடுக்குமாடின்னா அதே டேங்க்ல இருந்து எல்லா வீட்டுக்கும் போகுது, எல்லாரும் பக்கெட்ட எடுத்ததும் மளமளன்னு இறங்கிடும். தெரு குழாய்க்கு வர்ற தண்ணிக்கும் எங்கயோ ஒரு பம்ப் ஓடணும், அங்க பேக்கப் எவ்ளோ நேரம்னு நமக்கு தெரியாது.

பிடிக்கிற வரிசை: முதல்ல குடிதண்ணி, மூடி இருக்கிற சுத்தமான பாத்திரத்துல. அடுத்து சமையலுக்கு. கடைசியா பாத்ரூமுக்கு பக்கெட், டிரம் எது இருக்கோ அது. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, பெரிய டிரம்ம முதல்ல வச்சு நிரப்புறாங்க, குடத்துக்கு வர்றப்ப அடி தண்ணி கலங்கலா வருது.

வாட்டர் ப்யூரிஃபையர நம்பாதீங்க. ஆர்.ஓ மெஷினுக்கு உள்ள பம்ப் ஓடணும், கரண்ட் இல்லாம புதுசா ஒரு சொட்டு சுத்தமாகாது. யூ.வி மெஷின்ல விளக்கு எரியாம தண்ணி மட்டும் வந்துச்சுன்னா அது கிருமி சாகாத தண்ணிதான். தானா சொட்டுற கிராவிட்டி ஃபில்டர் வேலை செய்யும். எதுவும் இல்லன்னா கலங்கலா இருந்தா துணியில வடிகட்டி, அப்புறம் தளதளன்னு கொதிச்சதுல இருந்து ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்க. கடல் மட்டத்துல இருந்து 2000 மீட்டருக்கு மேல இருக்கிற மலைப்பகுதின்னா மூணு நிமிஷம், ஏன்னா அங்க தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும்.

டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி ஏறலன்னா கவலை வேணாம், பாதி பக்கெட் தண்ணிய ஒரே வீச்சுல கோப்பைக்குள்ள ஊத்துனா இறங்கிடும். மக்குல மக்குலயா ஊத்துனா இறங்காது, தண்ணிதான் வேஸ்ட். பாத்திரம் கழுவின தண்ணி, துணி அலசின தண்ணி எல்லாத்தையும் இதுக்கு ஒதுக்கி வைங்க, நல்ல தண்ணிய ஊத்தாதீங்க. கட்டடத்துல சாக்கடைய மேல ஏத்துறதுக்கு பம்ப் இருந்தா அதுவும் நின்னிருக்கும், கீழ் வீட்டுக்காரங்களுக்கு எதிர்த்து வரலாம், அந்த மாதிரி கட்டடத்துல எல்லாரும் சொல்லி வச்சு தண்ணிய குறைச்சுத்தான் விடணும்.

5. மருந்தும் மெஷினும்

வீட்டுல ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர், நெபுலைசர், தூங்கும்போது மாட்டுற மூச்சு மெஷின் இதுல எதாவது இருந்தா இந்த படிய கரண்ட் போன பிறகு படிக்கிறது லேட்டு. கான்சன்ட்ரேட்டருக்கு பதிலா சிலிண்டர் எவ்ளோ நேரம் ஓடும், எந்த அளவுல வைக்கணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி ஒட்டி வைங்க. நெபுலைசருக்கு பதிலா இன்ஹேலரும் ஸ்பேசரும் போதுமான்னும் கேட்டுக்குங்க. பேக்கப் பாதி தீர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடணும், முழுசா தீர்ற வரைக்கும் உக்காந்திருக்காதீங்க, லிஃப்ட் ஓடாது, ரோட்டுல சிக்னல் எரியாது, வழக்கமா ஆகுற நேரத்த விட அதிகமாவே ஆகும்.

இன்சுலின் பத்தி தேவையில்லாத பயம் நிறைய இருக்கு. பயன்பாட்டுல இருக்கிற பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரி செல்சியஸுக்கு கீழ இருந்தா ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாலு வாரம் வரைக்கும் தாங்கும், எத்தனை நாள்னு சரியா அந்த மருந்தோட பேப்பர்ல போட்டிருக்கும். பிரிக்காதத ஃப்ரிட்ஜுக்குள்ளயே வச்சு கதவ மூடி விடுங்க. பெரிய தப்பு என்னன்னா பதறிப்போய் ஐஸ் கட்டி மேல நேரா வைக்கிறது, உறைஞ்சு போன இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது, தூக்கித்தான் போடணும்.

6. ஃப்ரிட்ஜ திறக்காதீங்க

மூடியே இருந்தா ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைய இருந்தா 48 மணி நேரம், பாதி இருந்தா 24. "திறக்காம இருந்தா"ங்கிறதுதான் இதுல எல்லாமே. வீட்டுல யாராவது ஒருத்தர் "இன்னும் சில்லுன்னு இருக்கா"ன்னு பாக்க அரை மணிக்கு ஒரு தடவை திறப்பாங்க, ஒவ்வொரு தடவையும் குளிர் காத்து காலடியில கொட்டும், அந்த சில்லுப்பு கால்ல படுதுல்ல, அதுதான் போயிட்டிருக்கிறது. கதவுல ஒரு டேப் ஒட்டி விடுங்க, கை தானா நிக்கும்.

திறக்கணும்னா ஒரே தடவை திறந்து, அடுத்த வேளைக்கு வேண்டியத மொத்தமா எடுத்துட்டு மூடுங்க. சாப்பிடுற வரிசை: முதல்ல ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பால், சமைச்சது, கறி, மீன். அப்புறம் ஃப்ரீசர்ல இருக்கிறது. காய்ஞ்ச சரக்கு, டின் சாப்பாடு கடைசி. முதல் நாளே பிஸ்கட்ட பிரிச்சு சாப்பிட்டுட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்தத கெட்டுப் போக விடுறவங்கதான் அதிகம்.

5 டிகிரிக்கு மேல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்த கறி, மீன், பால், சமைச்ச சாப்பாடு எல்லாத்தையும் கொட்டிடுங்க. மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, வயித்த கெடுக்கிற கிருமி இருந்தாலும் வாசனை நல்லாவே இருக்கலாம். ஃப்ரீசர்ல இருந்ததுல இன்னும் ஐஸ் படிகம் தெரிஞ்சா திரும்ப உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும், வேற ஒண்ணும் ஆகாது.

ஊருக்கு போறப்ப ஒரு சின்ன வேலை பண்ணிட்டு போங்க. ஒரு கப்ல தண்ணி உறைய வச்சு அது மேல ஒரு நாணயம் வச்சு ஃப்ரீசர்ல விட்டுடுங்க. திரும்பி வந்து பாக்கும்போது நாணயம் அடியில கிடந்தா நடுவுல எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், உள்ள இருக்கிறத எதையும் தொடாதீங்க.

7. போன்

பல டவருக்கும் பேட்டரிதான் பேக்கப், சில மணி நேரத்துல அதுவும் ஒவ்வொண்ணா படுக்க ஆரம்பிக்கும். அதனால சொல்ல வேண்டியத முதல்லயே சொல்லிடுங்க: "நல்லா இருக்கோம், போன் ஆஃப்ல இருக்கலாம், பயப்படாதீங்க." கால் போகலன்னா எஸ்.எம்.எஸ் அனுப்புங்க, கால் போகாத நேரத்துலயும் பல தடவை அது நுழைஞ்சு போயிடும்.

அப்புறம் டேட்டா ஆஃப், பிரைட்னஸ் குறைவு, பவர் சேவிங் ஆன். சிக்னல் வீக்கா இருக்கிற இடத்துல போன் டவர தேடித் தேடியே பேட்டரிய தின்னும், அதனால தேவையில்லாத நேரம் ஃப்ளைட் மோட்ல போட்டு மணிக்கு ஒரு தடவை மட்டும் எடுத்து பாருங்க. வீட்டுல நாலு போன் இருந்தா ஒண்ணு மட்டும் ஆன், மத்தது ஆஃப். போன டார்ச்சா எரிய விடுறதும், இருட்டா இருக்கிறத வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புறதும் முதல் ரெண்டு மணி நேரத்துல ஜாலியாத்தான் இருக்கும், ராத்திரி ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னா தெரியும்.

10,000 எம்.ஏ.ஹெச்னு போட்ட பவர் பேங்க்ல அவ்ளோவும் போனுக்கு போகாது, வோல்டேஜ் மாத்துறதுல போக சுமார் 6,000தான் வந்து சேரும், அதாவது இப்ப வர்ற பெரிய பேட்டரி போனுக்கு ஒரு முழு சார்ஜும் கொஞ்சமும். லேப்டாப்ல சார்ஜ் இருந்தா அதையும் பவர் பேங்க்கா வச்சுக்கலாம், ஸ்கிரீன மட்டும் அணைச்சுடுங்க.

செய்திக்கு ரேடியோ. 2025 ஏப்ரல் 28-ல ஸ்பெயின், போர்ச்சுகல் ரெண்டுலயும் ஒரே நேரத்துல கரண்ட் போனப்போ பல இடத்துல மொபைல் நெட்வொர்க்கும் படுத்துடுச்சு, ஜனங்க பேட்டரி ரேடியோவ சுத்தி நின்னுதான் நியூஸ் கேட்டாங்க.

8. இன்வெர்டர் இருந்தா ஒரு சின்ன கணக்கு

12 வோல்ட், 150 ஏ.ஹெச் பேட்டரின்னா பெருக்கினா 1,800 வாட்-ஹவர். லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், அதனால 900னு வைங்க, இன்வெர்டர் தின்னுறது போக கைக்கு வர்றது ஒரு 750. இப்ப ரெண்டு சாதா ஃபேன், மூணு எல்.ஈ.டி லைட், ரவுட்டர் ஓட்டினா கிட்டத்தட்ட 190 வாட், நாலு மணி நேரத்துல முடிஞ்சுது. ஒரு ஃபேன், ஒரு லைட்டுன்னா 85 வாட், எட்டு ஒம்பது மணி நேரம். கரண்ட் கம்மியா எடுக்கிற பி.எல்.டி.சி ஃபேனா இருந்தா ஒரு ஃபேன், ஒரு லைட் சேந்து 40 வாட்தான், 15 மணி நேரத்துக்கு மேல இழுக்கும்.

இதுல இருந்து பண்ண வேண்டியது ஒண்ணுதான்: எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க. பகல்ல ஃபேன் இல்லாம சமாளிச்சு ராத்திரிக்கு மிச்சம் வைங்க. இன்வெர்டர் இருக்குன்னு வழக்கம் போல எல்லா ரூம்லயும் ஓட்டிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு பீப் சத்தத்தோட எழுந்திருக்கிற வீடுதான் ஜாஸ்தி.

9. ஜெனரேட்டர், கரி, மெழுகுவத்தி

பவர் கட்டுல இருட்ட விட இந்த மூணும்தான் உயிருக்கு பெரிய ஆபத்து. ஜெனரேட்டர் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. வீட்டுக்குள்ள, பால்கனியில, கதவு திறந்து வச்ச ஷெட்டுல, எங்கயும் வேணாம். வெளிய, கதவு ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, புகை போற பக்கம் வீட்டுக்கு எதிர்ப்பக்கமா இருக்கணும். கரி அடுப்ப உள்ள வச்சாலும் இதே வாயுதான், மூடின இடத்துல கார ஸ்டார்ட் பண்ணி போன் சார்ஜ் போட்டாலும் இதேதான். வீட்டுல ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேருக்கு தலைவலி, தலை சுத்தல், குமட்டல்னா உடனே எல்லாரையும் வெளிய இழுத்துட்டு வாங்க, காரணம் அப்புறம் தேடலாம்.

ஜெனரேட்டர் ஒயர சுவத்து பிளக் பாயிண்ட்ல சொருகி வீட்டுக்கு கரண்ட் கொடுக்கிற குறுக்கு வழி ஒண்ணு சுத்திட்டிருக்கு. பண்ணவே பண்ணாதீங்க. அந்த கரண்ட் லைன் வழியா வெளிய போய், டிரான்ஸ்ஃபார்மர்ல பல மடங்கு வோல்டேஜா ஏறி, கம்பத்துல வேலை பாத்துட்டிருக்கிறவர அடிச்சிடும். தேவையான சாமான நேரா ஜெனரேட்டர்ல இருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டுங்க. பெட்ரோல் ஊத்தணும்னா நிறுத்தி, ஆற விட்டு ஊத்துங்க.

மெழுகுவத்தி வேற வழி இல்லன்னா மட்டும், தட்டுல நிக்க வச்சு, திரைச்சீலைக்கு தள்ளி, கண் முன்னாடி. ஏத்தி வச்சுட்டு தூங்காதீங்க. டார்ச்சுக்கு மேல ஒரு தண்ணி பாட்டில நிக்க வச்சா வெளிச்சம் ரூம் முழுக்க பரவும், மெழுகுவத்தியே தேவைப்படாது.

10. வெக்கை, குளிர்

வெக்கைன்னா பகல்ல வெயில் படுற பக்கம் ஜன்னல் திரை மூடி, ராத்திரி எல்லாத்தையும் திறந்து விடுங்க. மேல் மாடிய விட கீழ் மாடி சூடு கம்மி. ஈரத்துணிய கழுத்துலயும் மணிக்கட்டுலயும் போடுங்க, தாகம் எடுக்கலன்னாலும் தண்ணி குடிங்க. வயசானவங்க "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க, அத நம்பாம மணிக்கு ஒரு தடவை தொட்டு பாருங்க. உடம்பு கொதிக்குது, பேச்சு குழறுது, சம்பந்தம் இல்லாம பேசுறாங்கன்னா அது சோர்வு இல்ல, உடனே ஆஸ்பத்திரி.

குளிர்னா ஒரே ரூம்ல எல்லாரும், கதவு இடுக்குல துணி, ஒரு தடிச்ச உடுப்புக்கு பதிலா ரெண்டு மூணு மெல்லிசு. கேஸ் அடுப்ப எரிய விட்டு குளிர் காயாதீங்க, மேல சொன்ன அதே வாயு.

11. வெளிய போறதா இருந்தா

லிஃப்ட்ட மறந்துடுங்க. கரண்ட் வந்து போய் வந்து போய் இருக்கும்போதுதான் மாட்டுவாங்க. உள்ள மாட்டிட்டா அலாரம் பட்டன அழுத்திட்டு உக்காருங்க, காத்து வர வழி இருக்கு, மூச்சு முட்டாது, கதவ நெம்பி குதிக்கிறதுலதான் ஆபத்து. சிக்னல் எரியாத ஜங்ஷன்ல எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் நின்னு பாத்துத்தான் போகணும். அறுந்து கிடக்கிற ஒயர பாத்தா ஊரே இருட்டா இருந்தாலும் அதுல கரண்ட் இருக்குன்னே நினைச்சுக்குங்க, 10 மீட்டர் தள்ளியே நில்லுங்க.

12. கரண்ட் வந்ததும்

ஓடிப்போய் எல்லாத்தையும் போடாதீங்க. ஆன்ல விட்ட அந்த ஒரு லைட்ட பாருங்க, மினுக்காம நிலையா ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் எரியட்டும். அப்புறம் ஃப்ரிட்ஜ். போட்டதும் உறுமிட்டு டக்குனு நின்னா ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு போடுங்க, கம்ப்ரஸர்ல பிரஷர் இறங்க நேரம் வேணும். பவர் பேங்க், டார்ச், போன் எல்லாத்தையும் சார்ஜுக்கு போடுங்க, ஏன்னா முதல் தடவை வர்ற கரண்ட் நிக்கும்னு சொல்ல முடியாது, ஊர் ஊரா கரண்ட் கொண்டு போற மெயின் லைன் வலைய (கிரிட்) பகுதி பகுதியா இணைக்கும்போது திரும்ப போக வாய்ப்பு ஜாஸ்தி.

மோட்டார போடுறதுக்கு முன்னாடி சம்ப்ல தண்ணி இருக்கான்னு மூடிய திறந்து பாருங்க, காஞ்ச சம்ப்ல ஓட்டினா மோட்டார் போயிடும். ஏசி, ஹீட்டர் எல்லாம் கடைசி. குழாயில முதல்ல வர்ற தண்ணிய கொஞ்ச நேரம் விட்டு ஓட விடுங்க, பைப்புல அழுத்தம் இல்லாம கிடந்தப்ப விரிசல் வழியா வெளி அழுக்கு உள்ள இழுத்திருக்கலாம், அன்னிக்கு ஒரு நாள் குடிக்கிறத கொதிக்க வச்சே குடிங்க. ஃப்ரிட்ஜ்ல சந்தேகமா இருக்கிறத அது மறுபடி சில்லுனு ஆகுறதுக்கு முன்னாடியே எடுத்து கொட்டிடுங்க, சில்லுனு ஆயிட்டா எது கெட்டது எது கெடலன்னு கண்டுபிடிக்க முடியாது.